தாட்சரின் கணக்கில் வராத ஊர்கள்

2013 ஏப்ரல் 17 அன்று லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் இறுதிச் சடங்கு நடந்தது. பீரங்கி வண்டியில் சவப்பெட்டி, ராணுவ மரியாதை, வெளிநாட்டுத் தலைவர்கள் என்று எதிலும் குறையில்லை. எலிசபெத் ராணியே நேரில் வந்திருந்தார். அதற்கு முன் அவர் கலந்துகொண்ட பிரதமர் இறுதிச் சடங்கு சர்ச்சிலுடையது மட்டும்தான். அதே நாளில் தெற்கு யார்க்ஷயரில் கோல்ட்தார்ப் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் இன்னொரு ஊர்வலமும் கிளம்பியது. தாட்சரின் உருவபொம்மையை ஒரு சவப்பெட்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். நூற்றுக்கணக்கானோர் கூடி நிற்க, அதற்குத் தீ வைத்தார்கள்.

அவர் பதவியிலிருந்து இறங்கி அப்போதே 22 ஆண்டுகள் தாண்டியிருந்தன. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் ஆறாத கோபம் அது. இத்தனைக்கும் கட்சித் தலைவராக அவர் பொதுத்தேர்தலில் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. 1979, 1983, 1987 என்று மூன்று முறை தொடர்ந்து கன்சர்வேடிவ் கட்சியை ஜெயிக்க வைத்தவர். பிரிட்டனின் சிறந்த பிரதமர் யார் என்று கேட்டால் முன்வரிசையில் வரும் பெயரும் அவருடையதுதான், மோசமானவர் யார் என்று கேட்டால் வருவதும் அதே பெயர்தான்.

வலதுசாரிக்குப் பிடிக்கும், இடதுசாரிக்குப் பிடிக்காது, அவ்வளவுதானே என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. தாட்சர் கொண்டுவந்த மாற்றங்களின் லாபம் ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. இழப்போ ஊர் ஊராக விழுந்தது. வீடு வாங்கியவர், பங்கு வாங்கியவர், வரி குறைந்தவர் எல்லாருமே அதைத் தன் உழைப்பால், தன் சாமர்த்தியத்தால் வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டார்கள். சுரங்கம் மூடிய ஊரில் அப்படி யாரும் தனியாக நஷ்டப்படவில்லை. எல்லாரும் ஒரே வாரத்தில் இழந்தார்கள், எல்லாருக்கும் அந்தத் தேதி தெரியும். இந்த ஏற்றத்தாழ்வை விட்டுவிட்டுப் பார்த்தால் அவரைப் பற்றிய சண்டை ஏன் ஓயவில்லை என்பது பிடிபடாது.

முதலில் அவர் எந்த நாட்டைக் கையில் வாங்கினார் என்று பார்த்துவிடுவது நியாயம். 1970களின் பிரிட்டன் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. 1975ல் பணவீக்கம் 24 சதவீதத்தைத் தொட்டது. 1976ல் சர்வதேச நாணய நிதியத்திடம் போய் அரசு கடன் கேட்டு நின்றது. 1978-79 குளிர்காலத்தில் லாரி ஓட்டுநர்கள், துப்புரவுப் பணியாளர்கள், மருத்துவமனை ஊழியர்கள் என்று ஒவ்வொரு தரப்பாக ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலைபோல் குவிந்தது. லிவர்பூலில் குழி வெட்டுபவர்களும் வேலையை நிறுத்தியதால் பிணங்கள் அடக்கம் ஆகாமல் காத்துக் கிடந்தன. இதையெல்லாம் கண்டு சலித்துப்போன சாதாரண மக்கள்தான், அதில் ஏராளமான தொழிலாளர் குடும்பங்களும் உண்டு, 1979 மே மாதம் தாட்சருக்கு ஓட்டுப் போட்டார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

தாட்சர் கிரந்தம் என்ற சிறு நகரத்து மளிகைக்கடைக்காரரின் மகள். கடைக்கு மேலேயே வீடு. வரவுக்குள் செலவு செய்ய வேண்டும், கடன் கூடாது, உழைத்தவன் பலனை அவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வளர்ந்த வீட்டின் பாடம். ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர், பிறகு வழக்கறிஞர், 1959ல் எம்.பி. அந்த மளிகைக்கடைப் பாடத்தையே நாட்டுக்கும் அப்படியே நீட்ட முடியும் என்று நம்பினார்.

வந்ததும் மிக உயர்ந்த வருமானத்துக்கான வரியை 83 சதவீதத்திலிருந்து 60 ஆகக் குறைத்தார். 1988ல் அது 40 ஆனது. அதே முதல் பட்ஜெட்டில், ஏழை பணக்காரர் எல்லாரும் கட்டும் மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதமாக ஏறியது. பணவீக்கத்தை அடக்க வட்டி விகிதத்தை 17 சதவீதம் வரை கொண்டுபோனார்கள். பவுண்டின் மதிப்பு ஏறியது, ஏற்றுமதி படுத்தது, வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஆலைகள் வரிசையாக மூடின. 1981 பட்ஜெட்டை எதிர்த்து 364 பொருளாதார நிபுணர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டு டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். அவர் அசையவில்லை. 1982 ஜனவரியில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பணவீக்கம் இறங்கியது என்பது உண்மை. அந்த விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடிக்காமல் இருந்திருந்தால் 1983 தேர்தல் எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் வாதிடுகிறார்கள். 255 பிரிட்டிஷ் படையினரும் 649 அர்ஜென்டினியரும் அந்தப் போரில் இறந்தார்கள். தாட்சர் வெற்றித் தலைவியாகத் திரும்பினார்.

லாபத்தின் பக்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கவுன்சில் வீடுகளைத்தான் பார்க்க வேண்டும். உள்ளாட்சி மன்றங்கள் கட்டி, குறைந்த வாடகைக்குக் கொடுத்த வீடுகள் அவை. 1979ல் ஏறத்தாழ மூன்றில் ஒரு குடும்பம் அப்படிப்பட்ட வீட்டில்தான் இருந்தது. 1980ல் வந்த வீட்டுவசதிச் சட்டம், மூன்று ஆண்டு குடியிருந்தவருக்கு அந்த வீட்டைச் சந்தை விலையில் 33 சதவீதம் தள்ளுபடியில் வாங்கும் உரிமை கொடுத்தது. நீண்ட காலம் இருந்தவருக்குத் தள்ளுபடி பாதி வரைக்கும் போனது. வாங்கியவர்கள் முதலில் செய்தது வாசல் கதவை மாற்றுவதுதான். கவுன்சில் தெருக்களில் கதவுகள் எல்லாம் ஒரே நிறத்தில், கவுன்சில் அடித்த பெயின்டில் இருக்கும். அந்த வரிசையில் திடீரென்று ஒரு மரக்கதவு, பித்தளைக் கைப்பிடி, புது நிறம். தெருவில் போகிறவருக்கே எந்த வீடு சொந்த வீடு, எது வாடகை வீடு என்று தெரிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக வாடகை கட்டியே பழகிய ஒரு பஸ் ஓட்டுநருக்கோ நெசவாலைத் தொழிலாளிக்கோ அந்தக் கதவு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிய, எதிரணியில் இருந்த தொழிற்கட்சிக்காரர்கள் அதற்கான பலனைத் தேர்தலில் அனுபவித்தார்கள்.

ஆனால் அந்தச் சட்டத்துக்கு இன்னொரு பாதியும் இருந்தது. வீடு விற்ற பணத்தில் பெரும்பகுதியைப் புது வீடு கட்டச் செலவழிக்கக் கூடாது என்று அரசு கவுன்சில்களின் கையைக் கட்டிப்போட்டது. விற்பது நடந்தது, கட்டுவது நின்றது. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கில் எழுந்துகொண்டிருந்த கவுன்சில் வீடுகள் 1990களின் இறுதியில் சில நூறாகச் சுருங்கிவிட்டன. முதலில் நல்ல வீடுகள், தோட்டம் வைத்த தனி வீடுகள் விற்றுப்போயின. அடுக்குமாடிகளும் யாரும் விரும்பாத வீடுகளும் கவுன்சில் வசம் மிஞ்சின. வாங்கியவர்களின் பிள்ளைகள் காலத்தில் அந்த வீடுகள் கைமாறின. இன்று லண்டனில் அப்படி விற்கப்பட்ட வீடுகளில் பெரும் பங்கு தனியார் வாடகைக்குப் போகிறது. வீடில்லாதவர்களைத் தங்கவைக்க, தானே ஒரு காலத்தில் கட்டி விற்ற வீட்டைக் கவுன்சிலே சந்தை வாடகைக்கு எடுக்கும் நிலையும் வந்தது. ஸ்காட்லாந்து 2016லும் வேல்ஸ் 2019லும் இந்த விற்பனை உரிமையையே ரத்து செய்துவிட்டன. இங்கிலாந்து 2024 நவம்பரில் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தது.

தொலைபேசி 1984லும் எரிவாயு 1986லும் தண்ணீர் 1989லும் தனியாருக்குப் போன கதையும் இதே வார்ப்புதான். பங்குகளைக் குறைந்த விலையில் மக்களிடம் விற்றார்கள், பலர் சில வாரங்களிலேயே லாபத்துக்கு விற்றுவிட்டார்கள். இங்கிலாந்தின் தண்ணீர் நிறுவனங்கள் இன்று மூழ்கிக் கிடக்கும் கடனையும் ஆறுகளில் கலந்துவிடும் கழிவையும் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சரி, நிலக்கரிக்கு வருவோம். கோல்ட்தார்ப்பில் எரிந்த தீ அங்கேதான் பற்றியது.

1974ல் சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டத்தால் நாடே வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை செய்யும் நிலை வந்தது. கன்சர்வேடிவ் பிரதமர் ஹீத் தேர்தலை அறிவித்துத் தோற்றார். அப்போது தாட்சர் அவருடைய அமைச்சரவையில் இருந்தவர். அந்தத் தோல்வியைக் கட்சி மறக்கவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோதே நிக்கோலஸ் ரிட்லி என்ற எம்.பி. தலைமையில் ஒரு திட்டம் தயாரானது. மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வை, சங்கத்தில் சேராத லாரி ஓட்டுநர்களைத் தயார் செய், மறியலைத் தடுக்க நாடு முழுக்க நகர்த்தக்கூடிய போலீஸ் படையை உருவாக்கு, வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குப் போகும் பணத்தை நிறுத்து. 1978லேயே இது பத்திரிகையில் கசிந்துவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து ஏறக்குறைய எழுதியபடியே நடந்தது.

1984 மார்ச்சில் நிலக்கரி வாரியம் 20 சுரங்கங்களை மூடும், 20,000 வேலைகள் போகும் என்ற செய்தி வந்தது. யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தில் ஆரம்பித்த எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் இரண்டு தவறுகள் செய்தார் என்பது என் கருத்து. கோடை வாசலில் நிற்கும்போது, நிலக்கரித் தேவை குறையும் பருவத்தில் இறங்கியது ஒன்று. நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தாதது மற்றொன்று. நாட்டிங்ஹாம்ஷயர் தொழிலாளர்களில் பெரும்பாலோர் எங்களைக் கேட்காமல் எப்படி என்று சொல்லி வேலைக்குப் போனார்கள். அவர்கள் கருங்காலிகள் ஆனார்கள். அண்ணன் மறியலில், தம்பி போலீஸ் பாதுகாப்போடு போகும் பஸ்ஸில் என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. இன்றும் சில ஊர்களில் அந்த ஆண்டு யார் வேலைக்குப் போனார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே மதுக்கடைக்குப் போகாதவர்கள், பேசாமலே செத்துப்போன சகோதரர்கள் பற்றிச் சொல்வார்கள்.

வீட்டுக்குள் அந்த ஓராண்டு எப்படிப் போனது என்பதற்கு ஒரு சிறு விதியைச் சொன்னால் போதும். வேலைநிறுத்தம் செய்பவரின் மனைவி மக்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஆனால் சங்கம் அவருக்கு வாராவாரம் வேலைநிறுத்தப் படி கொடுப்பதாகவே வைத்துக்கொண்டு, அந்தத் தொகையை உதவியிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று 1980லேயே சட்டம் வந்துவிட்டது. சங்கம் அப்படி எந்தப் படியும் கொடுக்கவில்லை. வராத காசைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு சுரங்க ஊரிலும் பெண்கள் கூடிப் பொதுச் சமையலறை நடத்தினார்கள், உணவுப் பொட்டலம் கட்டினார்கள், மேடையேறிப் பேசினார்கள். அதற்கு முன் சங்கக் கூட்டத்தின் பக்கமே வராத பெண்கள் அவர்கள்.

ஜூன் 18 அன்று ராதரம் அருகே ஆர்க்ரீவ் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான மறியல்காரர்களும் போலீஸாரும் மோதினார்கள். வெயில் நாள், பலர் மேல்சட்டைகூட இல்லாமல் நின்றார்கள். குதிரைப் போலீஸ் அவர்கள் மேல் பாய்ந்தது. 95 பேர் மேல் கலவரம் உள்ளிட்ட வழக்குகள் போட்டார்கள். கலவரக் குற்றத்துக்கு அப்போது ஆயுள் தண்டனை வரை கொடுக்க முடியும். அடுத்த ஆண்டு நீதிமன்றத்தில் வழக்கு சிதறியது. பல போலீஸாரின் வாக்குமூலங்களில் ஒரே வாசகங்கள், வேறு யாரோ சொல்லச் சொல்ல எழுதியவை என்று குறுக்கு விசாரணையில் வெளிப்பட்டது. 1991ல் தெற்கு யார்க்ஷயர் போலீஸ் 39 பேருக்கு மொத்தம் 4,25,000 பவுண்ட் இழப்பீடு கொடுத்தது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வேலைநிறுத்தத்தின்போது தாட்சர் தன் கட்சி எம்.பி.க்களிடம் பேசுகையில் ஃபாக்லாந்தில் வெளியே இருந்த எதிரியோடு போரிட்டோம், இப்போது உள்ளே இருக்கும் எதிரி என்ற பொருளில் பேசினார். வாக்குரிமையுள்ள, வரி கட்டிய, இரண்டு தலைமுறையாக நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த தொழிலாளர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். மன்னிக்காததற்கு அந்த ஒரு பேச்சே போதும்.

1985 மார்ச்சில், சரியாக ஓராண்டில், ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் வேலைக்குத் திரும்பினார்கள். பல ஊர்களில் சங்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு, வாத்தியக் குழு முன்னால் போக, குடும்பத்தோடு நடந்து போனார்கள். 20 சுரங்கங்கள்தான் மூடுவோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. 2014ல் வெளியான அமைச்சரவை ஆவணங்களில், மூன்று ஆண்டுகளில் 75 சுரங்கங்களை மூடும் திட்டம் வாரியத் தலைவர் மெக்ரெகரிடம் இருந்தது தெரியவந்தது. 1984ல் சுமார் 170 சுரங்கங்கள் இருந்தன. பத்தே ஆண்டில் இருபதுகூட மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் தாட்சரின் ஆதரவாளர்கள் ஒரு வாதம் வைப்பார்கள், அது லேசான வாதம் இல்லை. 1960களில் தொழிற்கட்சிப் பிரதமர் ஹெரால்டு வில்சன் காலத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள் மூடப்பட்டன, அப்போது யாரும் உருவபொம்மை எரிக்கவில்லையே என்பார்கள். புவி வெப்பமடைவதைப் பார்க்கிற இன்றைய கண்ணுக்கு, நிலக்கரி எப்படியும் போக வேண்டியதுதானே என்றும் தோன்றும். 2024 செப்டம்பர் 30 அன்று பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமும் நின்றுவிட்டது. ஆனால் வில்சன் காலத்தில் ஒரு சுரங்கம் மூடினால் பக்கத்துச் சுரங்கத்திலோ ஆலையிலோ வேலை கிடைத்தது. 1985ல் ஆலைகளே மூடிக்கிடந்தன. ஜெர்மனியின் ரூர் பகுதியிலும் நிலக்கரித் தொழில் நலிந்துதான் போனது. அங்கே அரசும் சங்கமும் நிறுவனமும் உட்கார்ந்து பேசி, பல ஆண்டுகளில் படிப்படியாக, யாரையும் கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பாமல் முடித்தார்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடியது. செலவு அதிகம்தான். ஆனால் பிரிட்டனிலும் அரசு செலவழிக்கத்தான் செய்தது. வேலையிழந்தவர்களை உடல்நலக்குறைவு உதவித்தொகைக்கு மாற்றி ஆண்டுக்கணக்கில் உட்கார வைத்த செலவு அது.

சண்டர்லாந்தைப் பார்த்தால் தாட்சர் நினைத்திருந்தால் முடிந்திருக்கும் என்பது தெரிகிறது. ஜப்பானின் நிசான் நிறுவனத்தைப் பேசி வரவழைத்து, அரசு மானியமும் கொடுத்து, 1986ல் அங்கே கார் ஆலையைத் திறந்து வைத்தவர் அவரே. ஆயிரக்கணக்கானோருக்கு இன்றுவரை அது சோறு போடுகிறது. அதே ஊரின் கப்பல் கட்டும் தளத்தை 1988ல் மூட முடிவெடுத்ததும் அவருடைய அரசுதான். ஒரு ஊருக்குச் செய்ததைப் பத்து ஊருக்குச் செய்திருக்கலாம்.

ஏன் செய்யவில்லை? 1987ல் ஒரு பெண்கள் பத்திரிகைக்கு அவர் கொடுத்த பேட்டி இதற்குப் பதில் சொல்கிறது. சமுதாயம் என்று ஒன்று இல்லை, தனி ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள், குடும்பங்கள் இருக்கின்றன என்றார். அந்தப் பேச்சை எதிரிகள் பாதியில் வெட்டி மேற்கோள் காட்டுவது உண்டு. அண்டை வீட்டாருக்கு உதவுவது நம் கடமை என்றும் அதே பேட்டியில் சொன்னார். முழுதாகப் படித்தாலும் ஒன்று விடுபட்டே இருக்கிறது. தனி ஆள் இருக்கிறார், குடும்பம் இருக்கிறது, அண்டை வீட்டார் இருக்கிறார். ஊர் இல்லை. சுரங்கம் மூடினால் வேலையாட்கள் வேலை இழப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று இழப்பீடும் கொடுத்தார். கூடவே வாத்தியக் குழுவும், நலச் சங்கக் கட்டடமும், கடைத்தெருவும், அப்பா வேலை பார்த்த இடத்தில் மகனைச் சேர்த்துவிடும் வழக்கமும் போகும் என்பதற்கு அந்தக் கணக்கில் வரிசையே இல்லை.

தலைவரி வந்தபோதும் இதே பார்வைதான். வீட்டின் மதிப்புக்கு ஏற்ற உள்ளாட்சி வரியை எடுத்துவிட்டு, வயது வந்த ஒவ்வொருவரும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்றார். மாளிகையில் இருக்கும் பிரபுவுக்கும் அவருடைய தோட்டக்காரருக்கும் ஒரே வரி. இங்கிலாந்துக்கு ஓராண்டு முன்பே, 1989ல், ஸ்காட்லாந்தில் இதை அமலாக்கினார்கள். தங்களை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று அங்குள்ளவர்கள் கொதித்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமே வெடித்தது. அந்த நவம்பரில் அவரை இறக்கியது மக்கள் இல்லை, அவருடைய கட்சி எம்.பி.க்களே. ஸ்காட்லாந்தில் 1979ல் 22 இடங்கள் வைத்திருந்த கன்சர்வேடிவ் கட்சிக்கு 1997ல் ஒன்றுகூட இல்லை. தனி நாடாளுமன்றம் வேண்டும் என்ற குரலுக்கு அவரைவிட அதிகமாக வலுச் சேர்த்தவர் யாரும் இல்லை.

ஈழத் தமிழர்களுக்கும் அந்த ஆட்சியோடு ஒரு கணக்கு இருக்கிறது. 1985 ஏப்ரலில் தாட்சர் இலங்கை போய், பிரிட்டன் பண உதவியில் கட்டிய விக்டோரியா அணையை அதிபர் ஜெயவர்தனாவுடன் திறந்து வைத்தார். கறுப்பு ஜூலை முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதமே இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு விசா கட்டாயம் என்று பிரிட்டன் அறிவித்தது. காமன்வெல்த் நாடு ஒன்றுக்கு அப்படி விதித்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில் தஞ்சம் கேட்டு வந்த தமிழ் இளைஞர்களைத் திருப்பி அனுப்ப விமானத்தில் ஏற்றியபோது, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உள்ளாடையோடு நின்று போராடினார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போனது, நீதிமன்றம் தலையிட்டது. அரசின் பதில், உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றி வரும் விமான நிறுவனத்துக்கு ஆளுக்கு 1,000 பவுண்ட் அபராதம் என்ற சட்டம். அதே ஆண்டு ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய படகுக் கப்பலில் அகதிகளை அடைத்து வைத்தார்கள், பெரும்பாலோர் தமிழர்கள். அக்டோபர் புயலில் அந்தக் கப்பல் கட்டறுத்து அடித்துப் போகப்பட்டது. அதன் பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள். அகதிகளை மிதக்கும் சிறையில் வைப்பதும், விமான நிறுவனத்தையே எல்லைக் காவலாக்குவதும் அப்போதே நடந்துவிட்டவை.

தாட்சருக்குப் பின் வந்த தொழிற்கட்சி ஆட்சி அவர் செய்த எதையும் பெரிதாகத் திருப்பவில்லை என்பதும் கோபம் தங்கிவிட்டதற்கு ஒரு காரணம். டோனி பிளேர் 1997ல் பெரும் வெற்றி பெற்றார். குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டமாக்கினார், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் போட்டார். தொழிற்சங்கச் சட்டங்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டார், விற்ற நிறுவனங்கள் விற்றவையாகவே இருந்தன. தங்கள் கட்சியும் தங்களை விட்டுவிட்டது என்று சுரங்க ஊர்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 2016ல் அந்த ஊர்களில் பல ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வாக்களித்தன. 2019ல் டெர்பிஷயரின் போல்சோவர் போன்ற அசல் சுரங்கத் தொகுதிகளே கன்சர்வேடிவ் கட்சிக்குப் போயின. தாட்சரை மன்னித்துவிட்டார்கள் என்று சிலர் எழுதினார்கள். அது அவசர முடிவு. தாட்சரை வெறுத்துக்கொண்டே அவருடைய கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் அங்கே நிறைய.

ஸ்காட்லாந்து 2022ல் தனிச் சட்டம் போட்டு, அந்த வேலைநிறுத்தத்தில் தண்டிக்கப்பட்ட தொழிலாளர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. இங்கிலாந்தில் அப்படி எதுவும் வரவில்லை. ஆர்க்ரீவில் என்ன நடந்தது, போலீஸுக்கு யார் உத்தரவு கொடுத்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லி அந்தத் தொழிலாளர்களும் குடும்பங்களும் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2016ல் கன்சர்வேடிவ் அரசு முடியாது என்றது. 2025 ஜூலையில்தான் சட்டபூர்வ விசாரணைக்கு அரசு ஒப்புக்கொண்டது. அன்று இருபது வயதில் மறியலில் நின்றவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் இறந்தும்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் கேட்பது இழப்பீடு இல்லை. நாங்கள் நாட்டின் எதிரிகள் இல்லை என்று அரசே எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். நாற்பது ஆண்டு தாமதமாகத் தந்தாலும் அதை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே தந்துவிட வேண்டும்.